கேட்கும் பாட்டா, வாங்கும் பிராண்டா: சொந்த ஸ்டைலை எங்கிருந்து தொடங்குவது?

1986-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ரன்-டி.எம்.சி என்ற ராப் குழுவினர் பாடிக்கொண்டிருந்தபோது, போட்டிருக்கும் ஷூவைக் கழற்றித் தூக்கிக் காட்டுங்கள் என்று கூட்டத்திடம் கேட்டார்கள். அரங்கம் முழுக்க அடிடாஸ் ஷூக்கள் மேலே எழுந்தன. அந்த நிறுவனத்து ஆள் ஒருவரும் அங்கே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்தது பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பணத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய பாதிதான் முக்கியம். சூப்பர்ஸ்டார் என்ற அந்த ஷூ கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டது. நியூயார்க்கின் குவீன்ஸில் ஹாலிஸ் பகுதியைச் சேர்ந்த இந்தப் பையன்கள் அதன் நாடாவை உருவிப் போட்டுவிட்டு, ஷூவின் நாக்கை வெளியே தூக்கிவிட்டு நடந்தார்கள். மேலே கறுப்பு உடை, தலையில் தொப்பி. அவர்களுக்கு முன்பு மேடையேறிய ராப் குழுக்கள் பல, மேடைக்கென்றே பளபளப்பாகத் தைத்த உடைகளைப் போட்டன. இவர்கள் தெருவில் நிற்கும் கோலத்திலேயே மேடையிலும் நின்றார்கள். ஷூ கடையில் கிடைத்தது. அதைப் போட்ட விதம் அவர்களுடையது.

பாட்டும் பிடிக்கிறது, ஸ்ட்ரீட்வேர் என்கிற தெரு இளைஞர் உடையும் பிடிக்கிறது, ஆனாலும் கண்ணாடி முன் நின்றால் எல்லாம் இரவல் வாங்கியதுபோல் இருக்கிறதே என்று தவிப்பவர்கள் இந்த வித்தியாசத்தில்தான் சிக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் முன்னால் நான்கு வழிகள் உண்டு. பிடித்த கலைஞர் ஒருவரைப் பின்தொடரலாம். ஒரு இசையைப் படைத்தவர்களும் கேட்டவர்களும் சேர்ந்த இசை வட்டம் முழுவதும் எப்படி உடுத்தியது என்று படிக்கலாம். ஸ்ட்ரீட்வேர் பிராண்டுகளைக் கவனித்து அவற்றின் வழியே போகலாம். அல்லது பிரபலங்களையும் கடைகளையும் விட்டுவிட்டு, தெருவில் நடக்கிற சாதாரண மனிதர்களைப் பார்க்கலாம். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது வழிதான் நீண்ட நாள் நிற்கிறது. மற்றவற்றிலும் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது, ஆனால் எதை எடுப்பது என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

ஒரே கலைஞரைப் பின்தொடர்ந்தால்

தொடங்குவதற்கு இதைவிட எளிதான வழி இல்லை. குழப்பம் கிடையாது. ஒரு முகம், ஒரு உடம்பு, ஒரு நிற வரிசை. அவருடைய பாட்டு ஏற்கெனவே மனதில் ஒட்டியிருப்பதால் உடையும் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது.

சிக்கல் எங்கே என்றால், நாம் பார்க்கும் படத்தில் அந்தக் கலைஞர் மட்டும் இல்லை. ஸ்டைலிஸ்ட் இருக்கிறார், தையற்காரர் இருக்கிறார், விளக்கு அமைப்பவர் இருக்கிறார். 1997-ல் அமெரிக்க ராப் கலைஞர் மிஸ்ஸி எலியட் தன் பாடல் வீடியோ ஒன்றில் காற்றடைத்த பெரிய கறுப்பு உடையில் வந்தார். ஸ்டைலிஸ்ட் ஜூன் ஆம்ப்ரோஸ் வடிவமைத்தது அது. இன்றும் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் கேமராவுக்காக, சில நிமிடப் படத்துக்காகச் செய்த உடை அது. அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடியாது. அதிலிருந்து எடுக்கக்கூடியது வேறு: பெண் கலைஞர்கள் உடம்பை ஒட்டிய உடையில்தான் வர வேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில், உடம்பின் கோட்டையே காட்டாமல் உருவத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வந்து நின்ற அந்தத் துணிவு. அது ஒரு முடிவு. அதை அகலமான தோள் உள்ள சட்டையிலும் செய்யலாம், மடிப்பு வைத்த தளர்ந்த பேண்ட்டிலும் செய்யலாம்.

நானே ஒரு ராப் கலைஞரை இரண்டு வருடம் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறேன். அவர் ஆறடியைத் தாண்டியவர், அகன்ற தோள். அவர் போடும் நீள ஜாக்கெட்டைத் தேடி வாங்கினேன். அவருக்கு இடுப்புக்குக் கீழே நின்ற விளிம்பு எனக்குத் தொடையின் பாதிவரை வந்தது. கால்கள் குட்டையாகத் தெரிந்தன. நிறமும் துணியும் அதேதான், ஆனால் அளவின் விகிதம் மாறியதும் எல்லாமே மாறிவிட்டது. விளிம்பை வெட்டித் தைத்த பிறகுதான் அது என் உடம்பில் உட்கார்ந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவரிடமிருந்து நான் எடுத்திருக்க வேண்டியது ஜாக்கெட்டின் பெயரை அல்ல, மேல்பாகம் கனமாகவும் கால்பாகம் ஒல்லியாகவும் இருக்கும் அந்த உருவக் கணக்கை.

ஆகவே இந்த வழியில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. அந்தக் கலைஞரின் படங்களில் ஒரு முப்பது எடுங்கள். வெவ்வேறு வருடங்களில் எடுத்தவையாக இருக்க வேண்டும். மேடையில் எடுத்தவை குறைவாகவும், விமான நிலையத்திலும் ஸ்டுடியோ வாசலிலும் எடுத்தவை அதிகமாகவும் இருந்தால் நல்லது. எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஒரே வகைத் தொப்பி, சட்டைக் கையை மடிக்கும் உயரம், கால்சட்டை ஷூமேல் விழும் விதம். திரும்ப வருவதுதான் அவருடைய ஸ்டைல். ஒரே ஒரு முறை வந்தது பெரும்பாலும் ஸ்டைலிஸ்ட்டுடைய வேலை. முப்பது படத்திலும் எதுவுமே திரும்ப வரவில்லை என்றால், அவர் நல்ல பாடகராக இருக்கலாம், உடைக்கு அவரை நம்ப வேண்டாம். அவர் உயரமும் தோளும் உங்களுடையதோடு ஓரளவு பொருந்துகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு இசை வட்டத்தையே படித்தால்

ஒரு கலைஞரிடம் என்ன போட்டார் என்று தெரிகிறது. அவர் வளர்ந்த வட்டத்தைப் பார்த்தால் ஏன் போட்டார்கள் என்று தெரிகிறது. ஏன் என்று தெரிந்துவிட்டால், அதே பொருள் கையில் இல்லாவிட்டாலும் அதே விளைவைக் கொண்டுவர முடியும்.

கிரஞ்ச் என்ற ராக் இசையை எடுத்துக்கொள்வோம். அது பிறந்த அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் குளிரும் மழையும் ஓயாது. பழைய துணிக் கடைகளில் ஃபிளானல் என்ற கதகதப்பான துணியில் கட்டம் போட்ட சட்டை மலிவாகக் கிடைத்தது. குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள், உள்ளே சூடானால் கழற்றி இடுப்பில் கட்டினார்கள். அவ்வளவுதான் அந்த ஸ்டைலின் பிறப்பு. 1992 நவம்பரில் ஆடை வடிவமைப்பாளர் மார்க் ஜேகப்ஸ், பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக இதை ஃபேஷன் மேடைக்கு ஏற்றினார். ஃபிளானல் கட்டம் போலவே அச்சிட்ட பட்டுச் சட்டையெல்லாம் அதில் இருந்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள், அவர் வேலை போனது. பின்னால் வந்தவர்கள் அந்தத் தொகுப்பைக் கொண்டாடினார்கள் என்பது வேறு கதை. எனக்குப் படுவது இதுதான்: மலிவு, குளிர், அலட்சியம் என்ற மூன்றால் ஆன உடையில் மலிவை எடுத்துவிட்டுப் பட்டுத்துணியை வைத்தால் கட்டம் மட்டும்தான் மிஞ்சும்.

வெப்பமான இடத்தில் வாழ்கிறவர் கிரஞ்ச் பிடிக்கிறது என்பதற்காக ஃபிளானல் போட்டு வியர்க்க வேண்டியதில்லை. காரணம் தெரிந்தால் வழி பிறக்கும். பலமுறை துவைத்து நிறம் மங்கிய மெல்லிய பருத்திச் சட்டையை, பொத்தான் போடாமல், டி-ஷர்ட் மேல் தொங்கவிடலாம். அடுக்கும் வந்துவிட்டது, அலட்சியமும் வந்துவிட்டது.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1979-ல் இசைக்கலைஞர் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய டூ-டோன் இசை நிறுவனம் இன்னொரு அருமையான பாடம். ஜமைக்காவின் ஸ்கா இசையையும் பங்க் என்ற ராக் இசையின் வேகத்தையும் கலந்த குழுக்கள் அதில் இருந்தன. கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஒரே மேடையில் நின்றார்கள். உடையும் கறுப்பு வெள்ளைதான்: ஒல்லியான சூட், வெள்ளைச் சட்டை, மெல்லிய டை, சின்ன விளிம்புத் தொப்பி, கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம். இதைப் பின்பற்ற யாருக்கும் பெரிய செலவு இல்லை. கறுப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் இல்லாத அலமாரி ஏது? கால்சட்டையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே நிறுத்தி, ஒல்லியாகப் பிடித்துத் தைத்தால் பாதி வேலை முடிந்தது. இத்தனை குறைந்த பொருளில் இத்தனை தெளிவாகப் பேசும் இன்னொரு உடை முறையை நான் பார்த்ததில்லை.

காங்கோவில் சப்பூர்கள் என்று அழைக்கப்படும் உடைப் பிரியர்களும் இப்படித்தான். ரும்பா பாடகர் பாப்பா வெம்பா பரவலாக்கிய அந்த நேர்த்தியான உடைப் பண்பாட்டில் ஒரு விதி உண்டு: ஒரு உடையில் மூன்று நிறங்களுக்கு மேல் கூடாது. இளஞ்சிவப்பு சூட்டும் சிவப்பு ஷூவும் போட்டாலும் அவர்கள் கண்ணுக்கு உறுத்தாமல் நிற்பதற்கு இந்த விதிதான் காரணம். விலை உயர்ந்த சூட் நமக்கு வேண்டாம், விதியை எடுத்துக்கொள்ளலாம். நான் எடுத்துக்கொண்டேன். ஹூடியிலும் ஸ்னீக்கரிலும் அது அப்படியே வேலை செய்கிறது.

இந்த வழியில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு, கொஞ்சம் நின்று சொல்கிறேன். சில உடைகள் அவற்றைப் போட்டவர்களுக்கு வலியோடும் நம்பிக்கையோடும் சேர்ந்தவை. 1940-களில் ஜாஸ் இசையோடு வளர்ந்தது ஸூட் சூட்: நீண்ட கோட்டு, பெரிய தோள், இடுப்பில் அகன்று கணுக்காலில் குறுகும் பேண்ட். போர்க்காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் கடற்படையினரும் மற்ற ராணுவத்தினரும் அதைப் போட்டிருந்த மெக்சிக அமெரிக்க இளைஞர்களை அடித்து, நடுத்தெருவில் அந்த உடையை உரித்துக் கிழித்தார்கள். இன்று அகலமான பேண்ட்டைப் போட்டு மகிழும் நாம் இதைத் தெரிந்துவைத்திருப்பது அந்த இளைஞர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. அதேபோல், ஜமைக்காவின் ரெகே இசை பிடிக்கிறது என்பதற்காகச் சிவப்பு, பொன், பச்சை நிற அடையாளங்களை அலங்காரமாக அணிவதற்கு முன், அவை ராஸ்தஃபாரி சமய நம்பிக்கையோடு கட்டுண்டவை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மொட்டைத் தலையும் டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸும் 1960-களின் இறுதியில் ஜமைக்க இசை கேட்ட பிரிட்டிஷ் தொழிலாளி வர்க்க இளைஞர்களின் கோலம். பிறகு இனவெறிக் கும்பல்கள் அதைக் கைப்பற்றிக்கொண்டன. சில இடங்களில் பூட்ஸ் நாடாவின் நிறத்துக்கே அரசியல் அர்த்தம் ஏறியது. தெரியாமல் போட்டால் நாம் சொல்லாத ஒன்றை நம் உடை சொல்லிவிடும்.

செலவு என்று பார்த்தால் இந்த வழி பணத்தைக் குறைவாகவும் நேரத்தை அதிகமாகவும் கேட்கிறது. பழைய கச்சேரிப் படங்களைப் பார்க்க வேண்டும், பாடகரை விடப் பார்வையாளர் வரிசையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கூட்டத்தில் நின்றவர்கள் போட்டதுதான் உண்மையில் அந்த வட்டத்தின் உடை. இன்னொரு ஆபத்து, ஒரே வட்டத்தைத் தலை முதல் கால் வரை போட்டுக்கொள்வது. அப்படிச் செய்தால் மாறுவேடப் போட்டிபோல் ஆகிவிடும். ஒரு வட்டத்திலிருந்து உருவத்தையும் வேறொன்றிலிருந்து நிறத்தையும் எடுப்பது பாதுகாப்பானது.

பிராண்டுகளின் பக்கம்

ஸ்ட்ரீட்வேர் பிராண்டுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவை பிறந்தபோது இசையும் அவையும் ஒன்றாகத்தான் இருந்தன. ஷான் ஸ்டூஸி 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் லகுனா பீச்சில் சர்ஃப் பலகை செய்துகொண்டிருந்தவர். பலகையில் போட்ட கையெழுத்தையே டி-ஷர்ட்டிலும் அச்சடித்தார். அந்த ஸ்டூஸி பிராண்டை லண்டன், டோக்கியோ, நியூயார்க் என்று கொண்டுபோனவர்களில் டி.ஜே.க்களும் ஸ்கேட்டர்களும் இருந்தார்கள். 1993-ல் ஆடை வடிவமைப்பாளர்களான நிகோவும் ஜூன் தாகஹாஷியும் டோக்கியோவின் ஹராஜுக்கு பகுதியில் சின்னக் கடை ஒன்றைத் திறந்தார்கள். 1994-ல் ஜேம்ஸ் ஜெபியா நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் சுப்ரீம் என்ற கடையைத் தொடங்கினார். துணிகளைச் சுவரோரமாக மாட்டி நடுவே காலியாக விட்டார், ஸ்கேட் பலகையோடு உள்ளே வருவதற்காக. அந்தக் கடைகளுக்குள் போனவர்களுக்குப் பாட்டும் நட்பும் உடையும் ஒரே இடத்தில் கிடைத்தன.

இன்று நமக்கு அந்தக் கடையின் சூழல் கிடைப்பதில்லை, லோகோ கிடைக்கிறது. டிராப் என்ற முறையில் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், கொஞ்சமாக விற்கிறார்கள். விரல் வேகமாக அழுத்தினால் கிடைக்கும், இல்லாவிட்டால் வாங்கியவர்கள் மறுபடி விற்கும் ரீசேலில் கூடுதல் விலை. பிடித்திருக்கிறதா என்று யோசிக்கும் நேரத்தைத்தான் இந்த முறை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. யோசிக்காமல் வாங்கியதை வைத்து ஸ்டைலைக் கட்டுவது மிகக் கடினம். பிராண்டின் மவுசு நிலையானதும் அல்ல. சுப்ரீமை வி.எஃப். என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் 2020-ல் 210 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-ல் 150 கோடிக்கு விற்றது. பெரிய நிறுவனங்களாலேயே கணிக்க முடியாத ஒன்றை நம் அலமாரியின் அடித்தளமாக வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆனால் பிராண்டுகளிடம் கற்க வேண்டிய கைவேலை உண்டு, அதைக் காசு கொடுக்காமலேயே கற்கலாம். கடையில் தொட்டுப் பாருங்கள். நல்ல ஓவர்சைஸ் டி-ஷர்ட்டின் துணி கனமாக இருக்கும். சாதாரண டி-ஷர்ட் 150 முதல் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்றால், இது 220-க்கு மேல் போகும். கனத் துணி தோளில் விறைப்பாக நின்று பெட்டி போன்ற உருவம் தரும். அதே அளவை மெல்லிய துணியில் தைத்தால் உடம்பில் சரிந்து, பெரியவர் சட்டையைப் போட்ட பிள்ளைபோல் காட்டும். ஓவர்சைஸ் தனக்குப் பொருந்தவில்லை என்று வருந்துகிற பலருக்கு உண்மையில் பொருந்தாதது துணியின் கனம்தான். கழுத்துப் பட்டையின் அகலம், கை எங்கே முடிகிறது, தோள் தையல் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, லோகோ இல்லாத சாதாரண டி-ஷர்ட்டில் அந்த அளவுகளைத் தேடலாம்.

தைத்தும் கொள்ளலாம். நியூயார்க்கின் ஹார்லெமில் 125-வது தெருவில் 1982-ல் கடை திறந்த தையற்காரர் டாப்பர் டான் அதைத்தான் செய்தார். ஆடம்பர நிறுவனங்களின் லோகோக்களைத் தோலில் தானே அச்சடித்து, ராப் கலைஞர்களுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் அளவெடுத்துத் தைத்தார். அந்த நிறுவனங்கள் வழக்குத் தொடுத்து நெருக்கியதில் 1992-ல் கடை மூடப்பட்டது. 2017-ல் குச்சி (Gucci) என்ற இத்தாலிய ஆடம்பர நிறுவனம் வெளியிட்ட ஒரு ஜாக்கெட், அவர் 1989-ல் ஓட்ட வீராங்கனை டயான் டிக்சனுக்குத் தைத்ததைப் போலவே இருந்தது. சர்ச்சை வெடித்தது, அதன்பின் அதே நிறுவனம் அவரோடு சேர்ந்து ஹார்லெமில் தையற்கூடம் அமைத்தது. லோகோவைக் காப்பியடிக்கச் சொல்லி இதைச் சொல்லவில்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் கடையில் தொங்கியதை வாங்கவில்லை. தையற்காரரோடு உட்கார்ந்து, எனக்கு இப்படி வேண்டும் என்று பேசினார்கள். அந்தப் பேச்சு நடக்கும்போதே ஸ்டைல் பாதி உருவாகிவிடுகிறது.

தெருவைப் பார்ப்பது

இதைத் தனி வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் மற்ற மூன்றையும் சரிபார்க்க இதைவிட நல்லது இல்லை. 1980-களில் புகைப்படக் கலைஞர் ஜமேல் ஷபாஸ் நியூயார்க்கின் புரூக்ளின் இளைஞர்களை எடுத்த புகைப்படங்களில், யாரும் பிரபலம் இல்லை. ஒவ்வொருவரும் தம் உடையில் அத்தனை நிமிர்வாக நிற்கிறார்கள். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஷோயிச்சி ஆவோக்கி 1997 முதல் 2017 வரை தன் பத்திரிகையில் ஹராஜுக்கு பகுதி இளைஞர்களைப் பதிவு செய்தார். இந்தப் படங்களில் குட்டை, ஒல்லி, பருமன் எல்லா உடம்பும் உண்டு, நிஜமான வெயிலும் மழையும் உண்டு. உங்கள் உடம்புபோன்ற ஒருவர் அந்த அகலக் கால்சட்டையை எப்படிச் சமாளிக்கிறார் என்பது அங்கேதான் தெரியும். குறை என்னவென்றால், படம் காரணத்தைச் சொல்வதில்லை. கண் மட்டும் நிறைகிறது.

யாருக்கு எது

அவசரமாக மாற்றம் வேண்டும், வேலையில் சேரப்போகிறேன், பத்து நாள்தான் இருக்கிறது என்றால் ஒரு கலைஞரைப் பின்தொடர்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். உங்கள் உடல்வாகு கொண்டவராகத் தேர்ந்தெடுங்கள். கையில் காசு இருக்கிறது, ஆனால் உட்கார்ந்து படிக்கப் பொறுமை இல்லை என்பவர்கள் பிராண்டுகளின் பக்கம் போகலாம். வருடத்துக்கு இரண்டு மூன்று பொருளோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் நாற்பது ஐம்பது முறை போடுவேனா என்று கேட்டு வாங்கினால் நஷ்டமில்லை. பதின்வயதில் இருப்பவர்கள் எதையும் முயலட்டும். அந்த வயதில் தவறான ஜாக்கெட்டுக்கும் ஒரு பயன் உண்டு.

மற்ற எல்லோருக்கும், குறிப்பாகப் பாட்டை ஆழமாகக் கேட்கிறவர்களுக்கு, இசை வட்டத்தைப் படிப்பதே என் தேர்வு. ஏற்கெனவே வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறீர்கள். அந்த இசையின் வேகமும் கோபமும் நிதானமும் உங்களுக்குள் இருக்கின்றன. அதனால் அந்த உடையின் காரணம் மற்றவர்களைவிட உங்களுக்குச் சீக்கிரம் புரியும்.

முதல் ஒரு மாதம் எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் அதிகம் கேட்கும் இசை எந்த ஊரில், எந்த வருடங்களில் பிறந்தது என்று பார்த்து, அப்போதைய கூட்டங்களின் படங்களைத் தேடுங்கள். உருவம், நிறம், போடும் விதம் என்று மூன்று குறிப்பு எழுதுங்கள். பிறகு இருக்கிற அலமாரியைத் திறந்து, அந்த மூன்றையும் உள்ளே கிடப்பதை வைத்தே செய்து பாருங்கள்: கால்சட்டை விளிம்பை மடிக்கலாம், சட்டையை வெளியே விடலாம், நிறத்தைக் குறைக்கலாம். எங்கே முடியாமல் நிற்கிறதோ, அந்த ஒரு பொருளை மட்டும் வாங்குங்கள். எனக்கு அது ஒரு கறுப்புக் கால்சட்டை. தையற்காரரிடம் கொடுத்து விளிம்பை ஒன்றரை அங்குலம் ஏற்றினேன், ஆறு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.